எங்கள் வீட்டு விண்டோஸ் ஏழு

ஓடுகிற வண்டியை எதற்கு மாற்ற வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. குருபோங் ஊரில் குடியேறிய புதிதில் வாங்கிய கம்ப்யூட்டரில் இன்றைக்கும் விண்டோஸ் ஏழுதான். கோயில் நோட்டீஸ் அடிக்கிற அவருடைய பழைய பிரிண்டர் அதற்கு மட்டும்தான் கட்டுப்படுமாம். ஒரு பிரிண்டருக்காக ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி அழ வேண்டுமா என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் பேக்டரியில் எங்கள் செக்‌ஷனை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கிற உடம்பா இது? ஆஸ்திரேலியாவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று தோழி சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் ஜாசின் பள்ளியில் ஒரு வருஷம் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள் நான். எழுதிப் போட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும், போனில் கூடாது, கம்ப்யூட்டரில்தான் என்றார்கள். பிடித்திருந்தால் வேலை. அந்த வேலை கிடைக்க வேண்டுமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

வகுப்புக்கான சாஃப்ட்வேரை இறக்கினால், உங்கள் விண்டோஸ் பழசு, இதில் ஓடாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் மூன்று நாள், வேலை விட்டு வந்ததும் குளிக்காமல்கூடக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பழைய விண்டோஸில் ஓடும்படி இன்னும் சிலர் புது பிரவுசர் செய்து போடுகிறார்களாம். அதைத் தேடிப் பிடித்து, சாஃப்ட்வேர் இல்லாமல் பிரவுசரிலேயே வகுப்பு திறக்கும்படி செய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, பக்கத்து அறையில் போனை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தார். என் குரல் கணீரென்று கேட்டது. முகம்தான் இல்லை. முகம் தெரிய வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு புகை. செட்டிங்ஸையெல்லாம் புரட்டிப் பார்த்தும் புகை போகவில்லை.

"புது சாமான இந்தப் பழசு தாங்கல போலலா" என்று முதல் தடவையாக ஒத்துக்கொண்டார்.

நான் விடுவேனா? நாளைக்குப் பழைய பேப்பர், பழைய சாமான் எடுக்கிற லாரி வரும், தூக்கிப் போடுங்கள் என்றேன்.

காலையில் எழுந்து பார்த்தால், நிஜமாகவே வயர்களைக் கழற்றி எல்லாவற்றையும் வாசலில் வைத்திருந்தார். மானிட்டரும் கேமராவும்தான் மேசையில் மிச்சம். லேப்டாப் வாங்கலாமென்றால் கடை திறப்பதும் பத்து மணிக்கு, வகுப்பும் பத்து மணிக்கு. போச்சு, எல்லாம் போச்சு என்று மேசையைத் துடைக்கப் போனவள், மானிட்டர் தலையில் இருந்த கேமராவைக் கழற்றினேன். அதன் கண்மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

பத்து நாளைக்கு முன்னால் ஆயுத பூஜை. பிரிட்ஜ், அவர் வேலைக்கு ஓட்டிப்போகும் மோட்டார், ரைஸ் குக்கர் என்று வீட்டில் ஒன்று விடாமல் பொட்டு வைத்தது நான்தான். மானிட்டரின் நெற்றி என்று நினைத்து, அந்தக் கறுப்பு உருண்டையில் அப்பியிருக்கிறேன். வைத்த பொட்டை எங்கள் வீட்டில் யாரும் துடைப்பதில்லை, தானாக உதிர வேண்டும். எல்லாவற்றிலும் பொட்டு இருந்ததால் அது கண்ணில் படவும் இல்லை.

நைட்டி நுனியில் துடைத்தேன். எங்கள் ஜாலானுக்கு அடுத்த தெருவில் லாரியின் மைக் சத்தம் கேட்டது. வாசலுக்கு ஓடி, "இன்னொரு தடவ மாட்டிப் பாருங்க" என்றேன். காரணம் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மாட்டினார். மூக்கு நுனி வேர்வை வரைக்கும் என் முகம் தெரிந்தது.

வேலை கிடைத்தது. இப்போது வாரத்தில் நான்கு நாள் வகுப்பு. பழைய விண்டோஸைப் பணிய வைத்த கதையை அவர் கோயிலில் எல்லாரிடமும் சொல்வார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டரிடம் போனேன். அவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, மானிட்டரின் காலடிக்கு இறக்கினார்.

"இங்க வை. கண்ண மறைக்காது."

எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

"அன்னைக்கே. உன் நைட்டில சந்தனம் ஒட்டியிருந்துச்சு."

ஒரு வருஷம். அத்தனை பேரிடம் கதை சொன்ன மனுஷன், இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்து அவர் நெற்றியில் வைத்தேன்.