தபாலில் வந்த அம்மன்

வெண்கலத்தின் மேல் பூசிய மஞ்சள் காயும்போது ஒரு வாசனை வரும்; கொஞ்சம் துருவும் கொஞ்சம் மழைத் தண்ணீரும் கலந்தாற்போல, நாக்கின் அடியில் புளிக்கிற வாசனை. இந்த வயதிலும் ஏதாவது கோயிலில் அது மூக்கில் ஏறினால் என் கைகள் தானாகக் குவிந்துவிடும். பக்தியால் அல்ல, பயத்தால். பதினோரு வயதில் நான் ஒரு சாமியைச் சுரண்டினேன், சுரண்டிய மூன்றாம் நாள் என் தம்பிக்கு அம்மை போட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள்தான் நான், ஆனால் எனக்கு மட்டும் அந்தப் பாடம் ஏறவேயில்லை.

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே எங்கள் ஊர். ஐம்பதுகளின் நடுவில் அங்கே வேர்க்கடலைக் கொல்லையும் பனைமரமும், கல்கத்தா ரோட்டில் எப்போதாவது போகிற லாரியின் சத்தமும்தான். எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வெண்கல வட்டத் தகடு இருந்தது. அதில் ஒரு பெண் நின்றிருந்தாள். தலையில் கிரீடம், கையில் சூலம், பக்கத்தில் சிங்கம், சுற்றிலும் இரண்டு மீன்கள். சூலமும் சிங்கமுமாக நிற்கிறவளை யாரென்று யார் கேட்கப்போகிறார்கள்? எங்கள் வீட்டில் அவள் பெரியபாளையத்து பவானியம்மன். கடல் தாண்டி வந்ததால் ‘கப்பலம்மா’ என்று செல்லப்பெயர் வேறு.

அவளை அனுப்பியது என் அம்மாவின் அப்பா, முனுசாமித் தாத்தா என்று சொல்வார்கள். அம்மா வயிற்றில் இருந்தபோதே அவர் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, முதல் உலக யுத்தத்தில் துருக்கிக்காரனோடு நடந்த சண்டைக்காக இராக்கிலிருக்கும் பஸ்ராவுக்குக் கப்பலேறினாராம். சண்டை ஓய்ந்து கொஞ்ச காலம் கழித்து, அட்டைக்குள் வைத்துக் கட்டிய இந்தத் தகடு தபாலில் வந்தது. கூட வந்த காகிதத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல் அதைக் கூரையில் செருகினார்கள், கரையான் தின்றுவிட்டது. ‘உசிரோட இருக்கிறேன் என்று சொல்லத்தான் அம்மனையே அனுப்பியிருக்கிறார்’ என்று பாட்டி ஊரெல்லாம் சொன்னாளாம். நான் பிறப்பதற்கு முன்பே, கழுத்தில் தாலியோடு, அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் காத்திருக்கிற வேலை அம்மாவின் தலையில் விழுந்தது. அப்பாவின் முகத்தையே பார்த்திராத அம்மா, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் விறைப்பாக நடக்கிற கிழவர் யாரைக் கண்டாலும் எங்கள் கையை விட்டுவிட்டு இரண்டடி முன்னால் போய் முகத்தைப் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமைதோறும் கப்பலம்மாவுக்கு மஞ்சள் பூச்சு நடக்கும். பழைய மஞ்சளைத் துடைக்கும் வழக்கம் கிடையாது. மேலே மேலே பூசிப் பூசி, சிங்கத்தின் தலைக்கு மேலும் தகட்டின் ஓரத்திலும் அடை மாதிரிப் பொருக்கு கட்டியிருந்தது. நான் அப்போதுதான் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஆங்கிலம் படிக்க ஆரம்பித்திருந்தேன். சோப்பு உறை, லாரி, தகர டின் எதையும் விடாமல் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பைத்தியம் பிடித்திருந்த காலம். ஒரு நாள் பொருக்கு கொஞ்சம் பெயர்ந்த இடத்தில் ஓர் ஆங்கில எழுத்து எட்டிப்பார்த்தது. அது தாத்தாவின் விலாசமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தபாலில் வந்த பொருளில் அனுப்பியவரின் விலாசம் இல்லாமலா போகும்? படித்துவிட்டால் ஒரு கார்டு போட்டுத் தாத்தாவை வரவழைத்துவிடலாம், அம்மா ஸ்டேஷனில் ஓட வேண்டாம் என்று கணக்குப் போட்டேன்.

அம்மாவும் அப்பாவும் கொல்லைக்குப் போயிருந்த ஒரு பகலில், கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டு மாடத்தின் முன்னால் உட்கார்ந்தேன். சிங்கத்தின் தலைக்கு மேல் ஒரு சின்னக் கட்டம் வெளிப்பட்டது. அதற்குள் தாத்தாவின் பெயர், முழுதாக, புடைத்த எழுத்தில். விலாசம் ஓரத்தில்தான் இருக்கும் என்று வட்டமாகச் சுரண்டிக்கொண்டே போனேன். இரண்டாவது வார்த்தையே என்னை நிறுத்திவிட்டது. அந்த வாரம்தான் ஒரு ராஜா கதையில் அந்த வார்த்தையை ஆங்கில வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தார். நாலே எழுத்து. ‘இறந்தார்’ என்று அர்த்தம்.

உதிர்ந்த மஞ்சளை எச்சில் தொட்டுக் குழைத்து அப்பினேன். சாமி மேல் எச்சில்! செய்த பிறகுதான் அதுவும் உறைத்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தம்பி ஏழுமலைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது, அடுத்து முகத்தில் முத்து முத்தாகக் கிளம்பியது. அந்தக் கோடையில் அக்கம்பக்கத்து ஊர்களில் பெரியம்மை நடமாடிக்கொண்டிருந்தது. மேலத்தெருவில் ஒரு குழந்தையை அதற்கு முந்தின வாரம்தான் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஆனால் எனக்கு ஊர் சமாச்சாரம் எதுவும் தேவைப்படவில்லை. யார் செய்த குற்றம் என்று எனக்குத் தெரியும்.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, வாசலில் வேப்பிலை செருகிவிட்டுச் சட்டங்களை அடுக்கினாள். “ஆத்தா வந்துகீறா. தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது. முக்கியமா சாவு கீவுன்னு ஒரு பேச்சு இந்த ஊட்ல யார் வாய்லயும் வரக் கூடாது. வந்துச்சு, கொயந்தய கையோட இட்டுக்கினு பூடுவா.” வாயைத் திறந்தால் அந்த நாலெழுத்து தானாக வெளியே வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டே அலைந்தேன். வேப்பிலைப் படுக்கையில் கிடந்த ஏழுமலையின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. அவன் மூச்சு விடுகிறானா என்று நிமிஷத்துக்கொரு தரம் அவன் வயிற்றையே பார்ப்பேன். அது ஏறி இறங்கினால்தான் எனக்கு மூச்சு வரும்.

அம்மை கண்ட நாலாம் நாள் மத்தியானம் அவன் தண்ணீரைக்கூட விழுங்கவில்லை. அம்மா முந்தானையை ஏந்திக்கொண்டு மாடத்தின் முன்னால் நின்று, “இன்னா தப்புத் தாயே நான் பண்ணேன்?” என்று கேட்டு அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டேன்.

“நீ ஒண்ணும் பண்லமா. நான்தான் கப்பலம்மாவ ஊசியால சுரண்டிட்டேன்.”

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. தகட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எதுக்குடி சுரண்டினே?”

“எய்த்து இருந்துச்சுமா. தாத்தா எங்க கீறார்னு பாக்கலாம்னு…”

அம்மாவின் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு கண் தம்பியிடமும் ஒரு கண் தகட்டிடமுமாக, மெதுவாகக் கேட்டாள். “எங்க நைனாவப் பத்தி இன்னா போட்டுகீது?”

வேப்பிலைக்கு நடுவில் தம்பியின் வயிறு ஏறி இறங்கியது. நான் கட்டத்தின் மேல் விரலை வைத்தேன். “பேர் போட்டுகீதுமா. முனுசாமின்னு.”

“சுத்திலும் இன்னாமோ கீதே?”

“அது பெரிய இங்கிலீஷுமா. எனக்குப் படிக்கத் தெரியல.”

“பரவால்ல. பெரிய கிளாஸ் போய்ப் படிச்சுச் சொல்லு” என்றாள். பிறகு தன் அப்பாவின் பெயரை, எழுத்து தெரியாத அந்த விரலால், இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஏழுமலை பிழைத்தான். அம்மை இறங்கி, தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி, முகம் முழுக்க வடுவோடு எழுந்தான். பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை கட்டி அம்மா கோயிலைச் சுற்றினாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மஞ்சள் எல்லா இடத்திலும் பூசப்படும், பெயர் இருந்த கட்டத்தில் மட்டும் படாது. ஒவ்வொரு வருஷமும் நான் வகுப்பு மாறி வந்ததும் அம்மா கேட்பாள், “இப்போ படிக்கத் தெரியுதா?” “இன்னும் இல்லமா” என்பேன். ஆசிரியைப் பயிற்சிக்குப் போன இடத்தில், அந்தச் சூலக்காரி பவானியம்மன் இல்லை, இங்கிலாந்து தேசத்தையே ஒரு பெண்ணாக்கி வார்த்த உருவம் என்றும், சண்டையில் மாண்ட சிப்பாய்களின் வீட்டுக்கெல்லாம் சர்க்கார் அனுப்பிய தகடு அது என்றும் தெரிந்துகொண்டேன். பயிற்சி முடித்து வேலை உத்தரவோடு வீட்டுக்கு வந்த வருஷம், என்ன பதில் சொல்வதென்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. அதற்குப் பிறகு கடைசிவரை கேட்கவே இல்லை.

இன்றைக்குக் கடலைக் கொல்லை இருந்த இடத்தில் இரும்பு உருக்குகிற ஆலை நிற்கிறது. வீடு போய்விட்டது, மாடம் போய்விட்டது, பூமியில் பெரியம்மை என்கிற நோயே இல்லாமல் போய்விட்டது. தகடு ஏழுமலை வீட்டில் இருக்கிறது. முகத்தில் அத்தனை வடு இருக்கிறவனுக்கு அவளைச் சுரண்டிப் பார்க்கிற தைரியம் எங்கிருந்து வரும்?

போன ஆடி அமாவாசைக்கு அவன் பழவேற்காட்டில் அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனபோது நானும் துணைக்குப் போனேன். “தாயார் வழித் தாத்தா பேரு?” என்று ஐயர் கேட்டார்.

“அவரு பட்டாளத்துக்குப் போனவரு சாமி, தகவல் இல்ல. எப்பவும் அவர விட்டுட்டுத்தான் குடுக்கறோம்” என்றான் ஏழுமலை.

பதினோரு வயதில் முழுங்கிய அந்த நாலெழுத்து இன்னும் தொண்டையிலேயேதான் இருந்தது.

“முனுசாமி” என்றேன். “செத்துட்டார். பஸ்ரா சண்டையிலயே செத்துட்டார்.”

ஐயர் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொன்னார். நூறு வருஷத்துக்குமேல் தாகத்தோடு இருந்த மனிதருக்கு முதல் தண்ணீர் விழுந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. ஏழுமலையின் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாக்கா அப்படிப் பாக்கற?” என்றான் எழுபத்தைந்து வயதுத் தம்பி.

“ஒண்ணுல்லடா” என்று சொல்லி அவன் நெற்றியில் கை வைத்தேன். சூடு இல்லை.