சண்டைக்கு முந்திய வீடு

எனக்கு எழுபத்திமூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரும் என்னை எதிர்த்துப் பேசும் அளவுக்கு நன்றாகவே வளர்ந்தார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரமுள்ளவர்கள் வேறு எதையாவது வாசிக்கலாம்.

ரொறன்ரோவுக்கு வந்த நாள் முதல் கடைசி மகன் குடும்பத்தோடு டண்டாஸ் வீதியில் இருந்தேன். மூன்று மாடிச் செங்கல் கட்டடம். எங்கள் வீடு இரண்டாம் மாடியில். லிஃப்ட் இல்லை. ஜன்னலுக்குக் கீழே ட்ராம் மணியடித்துக்கொண்டு போகும். படியிறங்கினால் சீனக் கடையில் உயிர் நண்டு. அதைத் தாண்டித் திரும்பினால் மாதா கோயில். நண்டுக்காரியும் நானும் அவரவர் பாஷையில் பேரம் பேசுவோம். இருவருக்கும் விளங்கும். யாரையும் கேட்காமல் போவேன், யாரையும் கேட்காமல் வருவேன்.

அந்த வீட்டை விற்று, நகரத்துக்கு வெளியே தள்ளியிருக்கிற அஜக்ஸில் பெரிய வீடு வாங்குவதென்று மகனும் மருமகளும் முடிவெடுத்தார்கள். முடிவெடுத்த பிறகு என் விருப்பத்தையும் கேட்டார்கள். மரியாதையான பிள்ளைகள். அஜக்ஸில் பால் வாங்கவும் கார் வேண்டும். எனக்குக் கார் ஓடத் தெரியாது. அங்கே போனால் மற்றவர்கள் ஏற்றி இறக்கும் சாமானாகிவிடுவேன். ஆனால் போகமாட்டேன் என்று கெஞ்சுகிற ஆள் நான் இல்லை.

வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட் தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம் போட்டார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். ‘சண்டைக்கு முந்திய வீடு. நகரின் நடுவில். உடன் விற்பனைக்கு.’

“எந்தச் சண்டை, தம்பி?”

“ரெண்டாம் உலகச் சண்டை, அன்ரி. இங்கிலீஷிலை அப்பிடித்தான் போடுவினம். அதுக்கு முந்திக் கட்டினதெண்டால் பலம். ஒரு மதிப்பு.”

“ஊரிலை எங்கட வீடும் சண்டைக்கு முந்தினதுதான். குண்டு விழுந்து இப்பக் கூரையில்லை. அதுக்கும் மதிப்பிருக்கோ எண்டு கேட்டுச் சொல்லும்.”

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். விளம்பரத்தில் எங்கள் வீட்டுப் போன் நம்பர் இருந்தது. பகலில் வீட்டில் இருப்பது நான் மட்டும்.

முதலில் போன் எடுத்த பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “குறை நினைக்காதையுங்கோ அன்ரி. சண்டை புருசன் பெண்சாதிக்குள்ளையோ?”

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.

“அதை ஏன் கேக்கிறாய், பிள்ளை” என்றேன். இதில் ஒரு பொய்யும் இல்லை.

“எங்கட மகளுக்குக் கலியாணம் முடிஞ்சு மூண்டு மாசம்தான். ராசியில்லாத வீடு வேண்டாம் அன்ரி.”

அடுத்து எடுத்தவர்களுக்குப் பெருமூச்சு மட்டும் விட்டேன். அதுவே போதுமாக இருந்தது. இரண்டு கிழமைக்கு, பதினான்கு நாளும், ஒருவரும் படியேறவில்லை.

பிறகு மருமகள் மல்வேர்னில் ஒரு தமிழ்க் கடைக்குப் போனாள். அங்கே ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “புருசன் இப்ப எங்கை பிள்ளை இருக்கிறார்?” என்று கேட்டிருக்கிறாள்.

வந்ததும் வராததுமாக, “மாமி, போனிலை என்ன சொன்னனீங்கள்?” என்றாள்.

“நான் ஒண்டும் சொல்லேல்லையே.”

மகன் விளம்பரத்தைப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரித்ததற்காக அவள் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அந்த வீட்டில் அதுதான் முதல் சண்டை. அதுவரைக்கும் விளம்பரத்தில் எழுதியிருந்தது முழு உண்மை.

விளம்பரத்தைத் திருத்தினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஏஜென்டோடு வந்தார். லிஃப்ட் இல்லை, ஹீற்றர் குழாய் தட்டும், ட்ராம் இரையும் என்றெல்லாம் சொல்லத் தயாராக நின்றேன். அவர் நேரே குசினிக்குள் போனார்.

“கையகலக் குசினி. ரெண்டு பேர் நிக்கேலாது.”

நான் சமைத்த குசினியை இன்னொருத்தி குறை சொல்லிக் கேட்டுப் பழக்கமில்லை.

“ரெண்டு பேர் என்னத்துக்கு ரீச்சர்? நடுவிலை நிண்டால் நாலு பக்கமும் கை எட்டும். பேத்தியின்ர பிறந்தநாளுக்கு நாப்பது பேருக்கு இதிலை நிண்டுதான் சமைச்சனான்.”

“ட்ராம் சத்தம்?”

“அது இல்லாட்டித்தான் நித்திரை வராது. வீட்டிலை தனிய இருக்கிறதே தெரியாது.”

“நான் கார் ஓடுறேல்லை.”

“காரோ? இஞ்சை கால் காணும். எல்லாம் நடந்து போற தூரம்.” ஜன்னலுக்குக் கூட்டிப்போய் நண்டுக் கடையையும் கோயில் கோபுரத்தையும் காட்டினேன். காட்டிக்கொண்டிருக்கும்போதே, என்ன செய்கிறேன் என்று விளங்கியது. ஆனால் பாதியில் நிறுத்தினால் குசினியின் மானம் போய்விடும்.

மறுநாளே அவர் கையெழுத்து வைத்துவிட்டார்.

“வித்தது நானில்லை, நீங்கள்தான் அன்ரி” என்றார் ஏஜென்ட்.

இப்போது அஜக்ஸில் இருக்கிறேன். இங்கே குசினி பெரியது. அடுப்பிலிருந்து உப்புப் போத்தல் வரைக்கும் போய் வருவதுதான் என் நடை. கோயிலுக்கு யாராவது ஏற்றிப்போனால் உண்டு. ரீச்சர் கிழமைக்கு ஒருதரம் போன் எடுத்து, நண்டு வாங்கியதைச் சொல்லுவார். நல்ல நண்டோ என்று நானும் கேட்பேன்.

பேத்தி தமிழ் வகுப்பு முடிந்து வந்துவிட்டாள்.

“பிள்ளை, இஞ்சை வா. அப்பம்மா எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. அம்மா குசினியிலை நிக்கிறா. சண்டை வாற இடத்தை மட்டும் மெல்லமாய் வாசி.”