பதினேழு துணைத் தலைவர்கள்

லேப் அக்காவுக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. அப்படிப்பட்டவர்தான், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் சங்கம் தொடங்கியே தீருவேன் என்று கிளம்பினார். காரணம் எளிது. வேதியியல் ஆய்வுக்காகக் கடல் கடந்து வந்ததிலிருந்து அவர் யாருடனும் சண்டை போடவில்லை. அந்நிய மொழியில் நன்றியும் மன்னிப்பும் சொல்லிச் சொல்லி நாக்கு துருப்பிடித்துவிட்டது. வாய்விட்டுச் சண்டை போட நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரைச் சேர்க்க ஒற்றுமையைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது.

விதி கறாரானது. குறைந்தது இருபது பேர் ஒரே அறையில் கூடி, மாணவர் நல அலுவலரின் கண்ணெதிரே கைதூக்கி உறுப்பினராக வேண்டும். ஒருவர் குறைந்தாலும் சங்கம் கிடையாது. அக்காவுக்கோ அது கடைசிப் பருவம். இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை.

தமிழ் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேருந்தில் தமிழ்க் குரல் கேட்டால் அவசரமாகக் கைப்பேசிக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். ஆகவே அக்கா விடுதியின் அடித்தளத்தில் இருந்த துணி துவைக்கும் அறையைத் தேர்ந்தெடுத்தார். ஈரத் துணியை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு ஓடும் அளவுக்குத் துணிந்தவர் யாரும் இல்லை.

முதலில் மாட்டியவன் கொத்தனார். கட்டடக்கலை படிப்பவனுக்கு நண்பர்கள் வைத்த பெயர் அது.

"தம்பி, சங்கத்துல சேர்றியா?"

"எனக்கு எதுக்குக்கா அதெல்லாம்? நான் உண்டு என் வேலை உண்டுன்னு இருக்கேன்."

"சும்மா உறுப்பினரா யார் கூப்பிட்டா? துணைத் தலைவரா இரு."

கொத்தனாரின் முதுகு நிமிர்ந்தது. இயந்திரத்துக்குள் அவன் சட்டைகள் சுற்றுவதை ஒரு தலைவருக்குரிய நிதானத்தோடு பார்த்தான்.

"நீங்க இவ்வளவு கெஞ்சுறதால வர்றேன்."

"யார்கிட்டயும் சொல்லிடாத. வயிறெரிவாங்க."

வேதியியல்காரர் அல்லவா, வேலை செய்த கலவையை அவர் மாற்றவில்லை. அடுத்து வந்த பல் மருத்துவ மாணவிக்கும் அதே பதவி, அதே ரகசியம். அவளுக்குப் பின்னால் போர்வையோடு வந்தவனுக்கும் அதுவே. சாதாரண ரகசியம் என்றால் சாயங்காலத்துக்குள் விடுதி முழுக்கப் பரவியிருக்கும். பதவி ரகசியம் என்பதால் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

அக்காவின் அறைத்தோழிக்கு மட்டும் சந்தேகம் வந்தது. "எத்தனை பேருக்குடி வாக்கு குடுத்திருக்க?"

"ஒரு பதினேழு பேர் இருக்கும்."

"இது சங்கமா, அமைச்சரவையா? மிச்சம் மூணு பேர் யாரு?"

"நீ, நான், உன்கூட நூலகத்துல உட்கார்ந்திருக்கிற அந்தப் பொண்ணு."

கூட்ட நாளில் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். தேய்த்த சட்டை அணிந்து, நேரத்துக்கு முன்பே வந்து முன்வரிசைக்கு முட்டி மோதினார்கள். அலுவலர் மகிழ்ந்துபோனார். கொத்தனார் எழுந்து தொண்டையைச் செருமினான்.

"துணைத் தலைவர் என்ற முறையில்..."

"யாரு? நீயா?" பல் மருத்துவம் துள்ளி எழுந்தாள். "அப்ப நான் யாரு?"

"நீங்க யாரா வேணா இருங்க. அந்தப் பதவி எனக்குன்னு அக்கா சொல்லிட்டாங்க," என்றான் போர்வைக்காரன்.

பிறகு அறையில் பதினேழு குரல்கள். "ஏமாத்திட்டீங்களேக்கா!" "வாங்கடா போலாம்!" ஒரு வார்த்தையும் புரியாத அலுவலர் மெல்லத் தன் பையை மூடத் தொடங்கினார். அது மூடிவிட்டால் சங்கமும் மூடியதுதான்.

அக்கா நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

"ஆமா, சொன்னேன்! சொல்லலைன்னா ஒருத்தராவது வந்திருப்பீங்களா? பேருந்துல என்னைப் பாத்ததும் தூங்குற மாதிரி நடிச்சவன்தானேடா நீ? அவ்வளவு ஆசை இருந்தா தேர்தல்ல நின்னு ஜெயிங்க!"

"வைங்க தேர்தலை! எனக்கென்ன பயமா?" என்றாள் பல் மருத்துவம்.

"நிக்கணும்னா முதல்ல உறுப்பினர் ஆகணும். யாரெல்லாம் ஆகுறீங்க? தூக்குங்க கையை!"

போய்விடுவதாகச் சொன்னவர்கள் இரண்டு கைகளையும் தூக்கினார்கள். விட்டுக்கொடுத்துவிட்டுப் போனால் பக்கத்தில் இருப்பவன் ஜெயித்துவிடுவானே! அலுவலர் ஆளுக்கு ஒரு கை என்று பொறுமையாக எண்ணினார். இருபது. சங்கம் பிறந்துவிட்டது. பிறந்த குழந்தையின் சத்தம் தாங்காமல் அவர் வாழ்த்திவிட்டு வெளியேறினார்.

தலைவர் பதவிக்கும் அங்கேயே தேர்தல் நடந்தது. தான் உண்டு தன் வேலை உண்டு என்றிருந்த கொத்தனார் ஜெயித்தான். அக்காவுக்கு இரண்டே ஓட்டு. அதில் ஒன்று அவருடையது.

"செல்லாது, செல்லாது! மறுபடி எண்ணுங்க!" என்று மேசையைத் தட்டினார் அக்கா. முகமெல்லாம் சிரிப்பு.