லீனுசின் மரு

யாருடைய முகம் வந்தாலும் ரெக்சன் முதலில் அதை வெளுப்பாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். கல்யாண மாப்பிள்ளையானாலும் சரி, கண்ணீர் அஞ்சலியானாலும் சரி. வண்ணார்பேட்டை ஃபிளெக்ஸ் கடையில் பதினெட்டு வருஷமாக இதே வேலை. "ஊரையே வெள்ளக்காரனாக்கிட்டேன். நான் மட்டும் கருவாடு மாதிரி இருக்கேன் வே" என்று தன்னைத்தானே ஏசிக்கொள்வார். பிறந்தது கடலோர உவரி. மீன்பிடி வள்ளத்தில் ஏறினாலே குடலைப் புரட்டும். அதனால்தான் கம்ப்யூட்டருக்கு வந்தார்.

இந்த வருஷ சர்ச் திருவிழாவுக்கு ஆயர், அதாவது பிஷப், வருகிறார். இராயப்பர் என்கிற பேதுருவில் தொடங்கி ரோமாபுரியின் முதல் பத்துப் பாப்புமாரையும், அதாவது போப்பாண்டவர்களையும், வரிசையாகப் போட்டு, கடைசியில் ஆயரையும் வைத்துப் பேனர் கேட்டார் பங்குச்சாமி. இராயப்பருக்குக் கவலையில்லை, சாவியும் தாடியும் எல்லாருக்கும் தெரிந்தவை. அடுத்து வந்த லீனுஸ்தான் பாடாய்ப் படுத்தினார். தேடிய படங்களில் ஆளுக்கொரு முகம். அவர் எப்படியிருந்தார் என்று எவருக்குமே தெரியவில்லை. முகமில்லாமல் திருநெல்வேலியில் பேனர் கட்ட முடியுமா? ரெக்சன் தன்னுடைய பாஸ்போர்ட் படத்தை எடுத்துத் தாடி வைத்தார், ஒளிவட்டம் வைத்தார், வழக்கம்போல் வெளுப்பாக்கினார். இடது கன்னத்து மருவை அழிக்க மட்டும் மறந்துபோனார்.

கோயில் வாசலில் பேனர் ஏறிய பிறகு மனைவி பிலோமினா கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏங்க, ரெண்டாவது பாப்புக்கு உங்க மரு எப்படி வந்துச்சு?"

"பைய பேசுட்டி. அந்த மனுசனுக்குப் பேரைத் தவிர ஒண்ணும் மிச்சமில்ல. எனக்கு மருவைத் தவிர ஒண்ணுமில்ல. ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசைதான்."

"பங்குச்சாமிக்குத் தெரிஞ்சா கோயில் வேலை எதையும் இனி உங்ககிட்ட தர மாட்டாரு. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பூசைக்குப் போவேன்?"

"எந்த மூஞ்சின்னாலும் கொண்டு போ. என் மூஞ்சிதான் ஏற்கெனவே போயிட்டே."

சிரித்தாரே தவிர, அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று மருவை விரலால் மறைத்துப் பார்த்தார்.

மறுநாள் ஆயர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர், பேனர் முன்னால் நின்றுவிட்டார். "லீனுஸா இவரு? நம்ம பக்கத்து ஆளு மாதிரில்லா இருக்காரு!" பங்குச்சாமியும் அண்ணாந்து லீனுசின் முகத்தைப் பார்த்தார். பிலோமினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கூட்டத்துக்குள் ரெக்சன், பல்வலிக்காரரைப்போல் இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஆயர் பேனர்மீது தீர்த்தத்தை வீசினார். துளிகள் லீனுசின் மருவில் பட்டு வழிந்தன. ரெக்சன் கன்னத்திலிருந்து கையை எடுத்து, தோளில் கிடந்த துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.