புதைத்த பிறகும் வேலைக்கு வந்த விரல்

ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு நூல் மில்லில் விரல் வைத்து வருகை பதியும் ரேகை மெஷின் வந்த புதிது. அங்கே வேலை பார்த்த என் கணவரைப் புதைத்த மறுவாரம், அவர் சம்பளக் கணக்கை முடிக்கப் போனேன்.

"அவரு இன்னைக்கும் ஷிப்டுக்கு வந்திருக்காரும்மா. மெஷின் பொய் சொல்லாது" என்றார் மேனேஜர்.

மறுநாள் வாசலிலேயே நின்றேன். மெஷினில் அவர் பெயர் மின்னியது. விரல் வைத்தவன் அவருடைய கூட்டாளி. அவன் கட்டைவிரலில் காய்ந்த பசை, தோல் போல ஒட்டியிருந்தது.

"தான் லேட்டானா வைக்கச் சொல்லி அண்ணந்தேன் தன் விரலை மெழுகுல அச்செடுத்துக் குடுத்தாரு, மதினி. அதுல பசையை ஊத்தி எடுத்தது இது. இப்ப அண்ணன் சம்பளத்தைத் தான் எடுத்துக்கிறதுக்காக சூப்பர்வைசர் வைக்கச் சொல்றாரு."

"செத்தவனையுமாடா வேலைக்குக் கூப்பிடுவீங்க?"

அவன் விரலிலிருந்து உரித்த அந்தப் பசைத் தோலை மேனேஜர் மேசையில் போட்டுக் கணக்கை முடித்தேன். பிறகு அதை அவர் கல்லறையில் புதைத்தேன்.

கள்ளச்சாவி போட்டால் பூட்டை மாற்றலாம், ரேகையைத் திருடினால் விரலை மாற்ற முடியுமா? இப்போது எங்கே ரேகை கேட்டாலும் கையெழுத்துதான் போடுகிறேன்.