உள்ளங்கையில் நாற்பது எதிரிகள்

கையடக்க விளையாட்டுக் கருவியின் முதுகை அக்கா கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறார். கண்ணை மூடி மூன்று எண்ணுகிறார்.

"காய்ச்சல் அடிக்குது. நேத்து நான் கிளம்பின பிறகு யாரோ இதுக்குள்ள என்னமோ திணிச்சிருக்கீங்க. நீங்களே ஒத்துக்கிட்டா நல்லது."

ஓவியர் தலையைக் குனிந்துகொள்கிறார். விளையாட்டில் வரும் விண்கலத்தின் சன்னலுக்கு வெளியே கூடுதலாக ஒரு நிலாவைத் திணித்தவர் அவர்தான்.

கருவிக்குக் காய்ச்சல் பார்க்கும் இவருக்கு அலுவலகத்தில் 'கஞ்சம் அக்கா' என்று பெயர். முதலாளி இவரைவிட எட்டு வயது மூத்தவர், அவருக்கும் அக்காதான். கையில் வைத்து ஆடும் சின்னக் கருவிகளுக்கு நாங்கள் விளையாட்டு செய்கிறோம். கருவியின் கொள்ளளவு கொஞ்சம். ஓவியர் கேட்கும் நிறம், இசைக்காரர் கேட்கும் முழக்கம், வசனம் எழுதும் நான் கேட்கும் வரிகள், எல்லாவற்றையும் அளந்து போடுகிறவர் இவர். பதவி கணினி நிரலாளர், எங்களைப் பொறுத்தவரை படியளக்கும் மகாராணி.

முந்தைய விளையாட்டில் என் வில்லன் சாகும் முன் பதினொரு வரி பேசினான். "எழுத்தாளரே, நெஞ்சுல குண்டு பாஞ்சவனுக்கு இவ்வளவு மூச்சு ஏது?" என்றார். இப்போது ஒரே வரி பேசுகிறான். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அந்த ஒரு வரியே நன்றாக இருக்கிறது.

வயது நாற்பத்து மூன்று. யோசனை வந்துவிட்டால் செருப்பை உதறிவிட்டு நாற்காலியிலேயே சம்மணம் போட்டுக்கொள்வார். வேண்டாத வரியை நிரலிலிருந்து அழிக்கும்போது "போய்ட்டு வா ராசா" என்று சத்தமாக வழியனுப்புவார். கஞ்சத்தனமெல்லாம் வேலையோடு சரி. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மூன்று பேர் சாப்பிடலாம்.

இரண்டு வருடமாக ஒரே விளையாட்டு. கைவிடப்பட்ட ஒரு விண்துறைமுகம். அதில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பெண் விமானி. கடைசிக் கதவு திறந்ததும் நாற்பது காவல் இயந்திரங்கள் அவள்மேல் பாய வேண்டும். காகிதத்தில் பாய்ந்தன. கருவியிலோ ஒன்பதாவது வந்ததும் படம் திக்கியது. பதினைந்தாவதில் உறைந்து நின்றது.

வெளியீட்டு நிறுவனத்தின் அதிகாரி அம்மா வியாழக்கிழமை வந்து ஆடிப் பார்ப்பதாக ஏற்பாடு. திங்களன்று முதலாளி மெல்ல ஆரம்பித்தார். "அக்கா, எட்டோட நிறுத்திக்குவோமே. அந்தம்மா முன்னாடி படம் நின்னுச்சுன்னா, வேண்டாம்னுட்டுப் போய்டுவாங்க. ரெண்டு வருஷ உழைப்பு."

"எட்டு பேர் வந்தா அது சண்டை இல்ல சார், பஞ்சாயத்து. நாப்பது வரும்."

செவ்வாய்க்கிழமை இருபது நிமிடம் தாமதமாக வந்தார். கணவர், இரண்டு மகள்கள், மாமனார், மாமியார், இவர் என வீட்டில் ஆறு பேர்; குளியலறை ஒன்று. "சின்னவ உள்ள போனா வெளிய வர்றதே இல்ல. அவ வந்தாத்தானே அடுத்த ஆள் முறை..." என்று புலம்பிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார். செருப்பு ஒரு பக்கம் பறந்தது.

"நாப்பது பேரும் ஒரே நேரத்துல யோசிக்கணும்னு யார் சொன்னா? முறை போட்டு யோசிக்கட்டும்!"

அதுவரை ஒவ்வொரு நொடித்துளியிலும் நாற்பது இயந்திரங்களும் எங்கே போவது, எப்போது சுடுவது என்று சேர்ந்தே யோசித்துக்கொண்டிருந்தன. இனி ஒரு துளிக்கு ஐந்து மட்டும். மற்றவை கடைசியாக எடுத்த முடிவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். எட்டுத் துளிகளில் எல்லோருக்கும் முறை வந்துவிடும். ஆடுகிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதோடு விடவில்லை. தூரத்து இயந்திரங்களுக்குக் காலைப் பிடுங்கிவிட்டுத் தட்டையான படமாக்கினார். "பக்கத்துல வந்தாத்தான் கால் குடுப்பேன்." அந்தத் தட்டையை மறைக்கப் புகை வேண்டும். இருக்கிற கொஞ்ச இடத்தில் புகை வர வேண்டுமென்றால் வானம் போக வேண்டும்.

"மூணு வாரம் வரைஞ்ச வானம்கா அது!" ஓவியர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"தெரியும் தம்பி. நானும் தினம் பார்த்து ரசிச்ச வானம்தான். அதைவிட நல்லா ஒரு புகை வரைங்க. உங்களால முடியும்."

வாசல் வரை போன ஓவியர் திரும்பி வந்து உட்கார்ந்து, புகை வரைந்தார்.

புதன்கிழமை ஓர் இயந்திரம் சுவரில் முட்டிக்கொண்டே நடந்தது. "பாவம், அதுக்கு இன்னும் முறை வரல" என்று சிரித்தவர், முட்டப் போகிற அவசரக்காரர்கள் மட்டும் வரிசையில் முந்தலாம் என்று விதியைத் தளர்த்தினார்.

வியாழன் காலை பதினோரு மணி. அதிகாரி அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஆட ஆரம்பித்தார். கடைசிக் கதவு திறந்தது. நாங்கள் வாய்க்குள் எண்ணினோம். ஒன்பது. திக்கவில்லை. பதினைந்து. உறையவில்லை. முதலாளி மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். முப்பது. புகையைக் கிழித்துக்கொண்டு, கால் முளைத்து, நாற்பதும் வந்தன. விமானி செத்துப்போனாள்.

அதிகாரி அம்மா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இருங்க, இன்னொரு தடவை." மூன்று முறை செத்து நான்காவது முறை ஜெயித்தபோது அவருடைய தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. கருவியைத் திருப்பி, முதுகில் ஏதாவது வயர் தொங்குகிறதா என்று பார்த்தார்.

"நிஜமாவே இதுக்குள்ளதான் ஓடுதா?"

"இன்னும் நாலு பேருக்கு இடம் இருக்கு மேடம். விடட்டுமா?" என்றார் கஞ்சம் அக்கா.

முதலாளி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். இசைக்காரர் ஓவியரைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினார்.

விளையாட்டு வெளிவந்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் காலை ரயிலில் நானும் அக்காவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். எதிர் இருக்கையில், சீருடையோடு ஒரு நர்ஸம்மா எங்கள் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு கோபம், அப்படி ஒரு குஷி.

"சொல்லுங்கக்கா, நீங்க பண்ணதுன்னு."

"சும்மா இருங்க எழுத்தாளரே. கடைசிக் கதவு திறக்குது. இப்பப் போய்..."

ரயில் ஒரு வளைவில் திரும்பியது. வெயில் நேராகத் திரையில் விழ, நர்ஸம்மா கண்ணைச் சுருக்கினார். அக்கா எழுந்தார். கைப்பையைத் தூக்கிச் சன்னலில் வெயிலுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, எங்கேயோ பார்ப்பதுபோல் நின்றார். நாங்கள் இறங்க வேண்டிய நிலையம் வந்தது, போனது. கை இறங்கவில்லை.