பூங்காவுக்குப் போன பீங்கான் கூழைக்கடா

போன விடுமுறையில் என் இரண்டு பெண்களையும் பட்டணத்து மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே குளத்தங்கரையில் கூழைக்கடாக்கள் முப்பது நாற்பது இருக்கும், கல்யாணப் பந்தியில் இடம் பிடித்த மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்று சிறகை விரித்தால் பக்கத்தில் இருப்பது முறைக்கிறது. சின்னவள் கேட்டாள்: "ஏம்பா, இவ்ளோ எடம் கெடக்குது, எதுக்கு இப்பிடி இடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்குதுங்க?"

பதில் சொல்ல ஆரம்பித்தால் கடைசி பஸ் போய்விடும். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் தப்பித்தேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன், அவளுக்கும் அவள் வயசுக்காரர்களான உங்களுக்கும்.

பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டதும் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் சேர்ந்தேன். கரைத்த மண்ணை அச்சில் ஊற்றுவது என் வேலை. அச்சு செய்கிறவன் சகாயராஜ், என் வயசுதான். முதல் மழை பெய்தால் மண் மணக்கிறது என்று எல்லோரும் மூக்கை உறிஞ்சுவார்கள். நாங்கள் வருஷம் முழுக்க அந்த வாசனையில்தான் சோறு தின்றோம். சட்டையைத் துவைத்தாலும் போகாது.

அந்த மண் சட்டையோடுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குப் போவோம். பூங்கா மூலையில் கம்பி வேலி போட்டு நாலைந்து பிராணிகளை வைத்திருந்தார்கள். முயல், மயில், அப்புறம் சிறகு ஒடிந்து வந்த கூழைக்கடா இரண்டு. அவற்றைப் பார்த்துக்கொண்டவர் அஞ்சலை அக்கா. பறவைகளை "வாங்க, போங்க" என்றும் எங்களை "வாடா, போடா" என்றும் கூப்பிடுவார்.

ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது ஒரு கூழைக்கடாதான் இருந்தது. மற்றது இறந்துவிட்டதாம். இருந்ததும் சுவரைப் பார்த்தபடி நின்றது.

"ஒரு வாளி மீனு துன்னுறவங்க, இப்ப ரெண்டு துன்னா பெருசு" என்றார் அக்கா. "டாக்டரு வந்து பாத்தாரு. ஒடம்புக்கு ஒண்ணுமில்லியாம். கூட்டமா வாழுற பறவையாம், ஒத்தையில வுட்டா இப்பிடித்தான் ஆவுமாம். இப்பிடியே போனா தாங்காதுன்னுட்டாரு."

வரும் வழியில் எனக்கு ஒரு யோசனை. எனக்கு யோசனை வந்தாலே சகாயராஜ் நடையை எட்டிப் போடுவான்.

"டேய், நாமளே ஒரு கூழைக்கடா செஞ்சி பக்கத்துல வெச்சா இன்னா?"

"நீ ஊத்துற பிள்ளையாருக்கே தும்பிக்கை ஒடையுது. இதுல பறவை வேற."

சொன்னானே தவிர, மறுநாள் அளவெடுக்க நூலோடு வந்து வேலிக்குள் நின்றவன் அவன்தான். மீனுக்கு வாய் திறக்காத பறவை அவன் நூலுக்குத் திறந்து ஒரு முழத்தை விழுங்கப் பார்த்தது. பறவை மூன்றடி உயரம். அந்த அளவுக்கே அச்சு செய்தான், நான் மண் ஊற்றினேன். காய வைத்து, பூச்சு கொடுத்து, சூளைக்கு அனுப்ப இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை அக்கா அலகைப் பிளந்து மீனை ஊட்டிக்கொண்டிருந்தார்.

சூளையைத் திறந்ததும் பட்டறையே சிரித்தது. பீங்கான் மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். அதற்குத் தகுந்த மாதிரி அச்சைப் பெரிதாகச் செய்யவேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது இது. பறவை மேலிருந்த ஆசையில் இரண்டு பேருமே மறந்துபோனோம்! உயரம் அரை அடி குறைந்து, சூட்டில் கழுத்தும் தொய்ந்து, திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றது எங்கள் பொம்மை.

"கூழைக்கடான்னு சொல்லிட்டு கோழி செஞ்சிருக்கானுங்கடா!" என்றார் சூளைக்காரர்.

இருந்தாலும் சாக்கில் சுற்றி சைக்கிளில் வைத்துக் கட்டினோம். அலகு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, பறவை மூச்சே வுடல?"

"தூங்குதுண்ணா" என்றான் சகாயராஜ்.

கூழைக்கடா முதல் நாள் பொம்மையைச் சுற்றி வந்தது. இரண்டாம் நாள் பக்கத்தில் ஒட்டி நின்று அதன் பீங்கான் சிறகைக் கோதிவிட்டது. மூன்றாம் நாள் வாளியில் ஒரு மீன் மிச்சமில்லை. நாங்கள் வேலிக்கு வெளியே குதித்த குதியில் மயில் பயந்து ஓடியது.

அடுத்த ஞாயிறு வேலியைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம், ஒரே சிரிப்பு. கூழைக்கடா வாளி மீனை அள்ளித் தொண்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து பொம்மையின் அலகுக்கு முன்னால் துப்புகிறது. காத்திருக்கிறது. மறுபடி ஓடிப்போய் அள்ளி வருகிறது. நாங்களும் சிரித்தோம்.

"சிரிக்காதீங்கடா" என்றார் அக்கா. "சின்னதா இருக்கவும் குஞ்சுன்னு நெனச்சிக்கிட்டாங்க. தான் துன்னாம அதுக்கு ஊட்டுறாங்க. நெஞ்செலும்பு தெரியுது பாரு."

அப்போதுதான் பொம்மையின் காலடியில் கிடந்த மீன் குவியலைப் பார்த்தேன். எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. வாளி ஏன் காலியானது என்று புரிந்தது.

அன்றைக்கே பொம்மையை எடுத்துவிட்டு, பறவையைக் கூட்டம் இருக்கிற பெரிய மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பச் சொல்லி மனு எழுதுவது என்று முடிவானது. ஆனால் பூங்கா அதிகாரி வந்து கண்ணால் பார்க்கும்வரை பொம்மை இருக்கட்டும், அதுவரை மீனைத் தானே ஊட்டிவிடுவதாகச் சொன்னார் அக்கா. மூவரில் அதிகம் படித்தவன் நான் என்பதால் எழுதும் வேலை எனக்கு. நாலு தாள் கிழிந்தது.

அதிகாரி படித்துவிட்டு, "ஒரு பறவைக்கா இவ்ளோ நீள மனு?" என்றார்.

"ஒரு தடவ வந்து பாருங்க சார். அப்புறம் கிழிச்சிப் போடுங்க" என்றார் அக்கா.

வந்தார். பறவை மீனைத் துப்பி, அலகால் மெல்ல முன்னே தள்ளிவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றது.

"எவ்ளோ நேரம் இப்பிடி நிக்கும்?"

"பொழுதுக்கும் சார்."

அதிகாரி சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். பேனாவைக் கேட்டார். சகாயராஜைக் குனியச் சொல்லி, அவன் முதுகில் வைத்தே கையெழுத்துப் போட்டார்.

பறவையை ஏற்றிய வேனில் அக்காவும் கூடவே போனார். திரும்பி வந்ததும் சூழ்ந்துகொண்டோம்.

"கூண்டத் தொறந்தாங்க. அந்தக் கூட்டத்தப் பாத்தாங்க. அவ்ளோதான்! ரெக்கைய அடிச்சிக்கிட்டு ஒரே ஓட்டம். உள்ள பூந்து ஒருத்தர இடிச்சி, ஒருத்தர்கிட்ட கொத்து வாங்கி, நடுவுல போயி ஒக்காந்துக்கிட்டாங்க. எது நம்மாளுன்னு எனக்கே தெரியல. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலடா, நன்றி கெட்டவங்க!" சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தார்.

ஒத்தையாக எதையும் வைக்கவேண்டாம் என்று அந்த வருஷமே முயலையும் மயிலையும்கூட வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். வேலியைப் பிரித்து, தண்ணீர்த் தொட்டியை மண் போட்டு மூடினார்கள். அக்காவுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை வந்தது. பழைய இடம் காணாமல் போனால் மனசு கனக்கும் என்பார்கள். போன மாதம்கூட அந்த மூலையைத் தேடினேன். வேலி நட்ட குழிகூட இல்லை, ஏழெட்டுப் பிள்ளைகள் ஊஞ்சலுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, விசில் அடித்துக்கொண்டே வந்துவிட்டேன்.